ஆவி பறந்த குழம்பு

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேசச் சொன்னார்கள். கிருமிகளைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. என்னைவிட அதிகம் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். உள்ளே வரும்போது பார்த்தேன், உங்கள் கருவிகளில் பாதிக்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. நான் பேச நினைப்பது முடிவு வருவதற்கு முன்னால் இருக்கும் நேரத்தைப் பற்றி. மாதிரி எடுத்தாகிவிட்டது. கிருமி வளர்க்கும் தட்டில் இன்னும் ஒன்றும் வளரவில்லை. வெளியே ஆட்கள் நின்று காரணம் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் உங்கள் வாயிலிருந்து வருவதுதான் ஊரில் நிற்கும். ஒரு வாரம் கழித்து வரும் அறிக்கை அதை அழிக்காது.

கொடைக்கானலில் வேலை பார்த்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர், கூக்காலுக்குப் போகிற பாதையில் இருக்கிறது. பெயர் வேண்டாம். பூண்டும் காரட்டும் போடுகிற ஊர், பஸ் குறைவு. பொங்கல் முடிந்து, பனி இறங்கியிருந்த நேரம்.

அங்கே ஈஸ்வரி என்ற பெண்ணின் இரண்டு பிள்ளைகளுக்குக் காதுகுத்து நடந்தது. தாய்மாமன் தங்கராசு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லாரி ஓட்டுபவர். கெடா கொடுப்பது தாய்மாமன் கடமை. காரட் ஏற்ற மேலே போன ஒரு லாரியில் முந்தின நாளே இரண்டு கெடாக்களை அனுப்பிவிட்டார். தன் சனத்தோடு மறுநாள் காலை வேனில் வருவதாக ஏற்பாடு. விடுமுறைக் கூட்டத்தில் மலைப்பாதை அடைத்துக்கொண்டது. வேன் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அவர் மடியில் உட்கார்த்திக் குத்த வேண்டிய காதுகளை நல்ல நேரம் பார்த்து வேறொருவர் மடியில் வைத்துக் குத்தியிருந்தார்கள். வந்தவர்கள் சாப்பிட்டார்கள், சீரை வைத்தார்கள், உடனே மலை இறங்கிவிட்டார்கள்.

மறுநாள் விடிவதற்குள் ஈஸ்வரியின் புகுந்த வீட்டில் ஏறக்குறைய எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். நான் மாதிரி எடுக்கக் குளிர்ப்பெட்டியோடு அந்தப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோது உள்ளே நிற்க இடம் இல்லை. ஈஸ்வரியின் கணவர் தரையில் போட்ட மெத்தையில், கையில் ஊசியோடு கிடந்தார். மாமியாருக்குச் சிறுநீர் வரவில்லை. வயதானவர், உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது. அவரைக் கொடைக்கானலுக்கு ஏற்றி அனுப்பியிருந்தார்கள். பிழைப்பார் என்று சொல்ல யாரும் தயாராக இல்லை.

வாசலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர் பரமசிவம். ஈஸ்வரியின் கணவருக்கு அண்ணன், அந்த வீட்டுக்குப் பெரியவர். அவருக்கும் வயிறு சரியில்லை. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

“நோவுக் கெடாம்மா. வண்டியில இருந்து எறக்குறப்பவே ரெண்டும் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்துச்சுக. ராத்திரி பூரா எந்திரிக்கல, அப்படியே கெடந்துச்சுக. ஊரே பாத்துச்சு. வெல கொறச்சலா கெடைக்குதுன்னு சீக்குக் கெடாவ மேல ஏத்திவிட்டிருக்கான். எங்காத்தாவுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா அவன் இந்த மலையில கால வைக்க முடியாது.”

போலீசில் எழுதிக் கொடுக்க ஜீப் சொல்லியிருந்தார். ஏற்கெனவே ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. நோவுக் கெடா தின்றவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றது அது. விருந்தில் ஊரே சாப்பிட்டிருந்ததால் ஊரே வந்துவிட்டது.

என்னோடு இருந்த சுகாதார ஆய்வாளர் நல்ல உழைப்பாளி. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் நோயாளிகளின் விவரம் எழுதியிருந்தார். மேலே அனுப்ப ஒரு வரியும் தயார் செய்துவிட்டார்: ‘நோயுற்ற ஆட்டின் இறைச்சி காரணம் எனத் தெரிய வருகிறது.’

“கொஞ்சம் நிறுத்தி வைங்க” என்றேன்.

“மேடம், மதியத்துக்குள்ள ஒரு காரணம் சொல்லணும்னு மேலேருந்து ரெண்டு தடவ கூப்ட்டாங்க. நிருபர் வேற வந்து நிக்கிறாரு. ஏதாச்சும் ஒண்ணு சொல்லணும்ல?”

“ஏதாச்சும் ஒண்ணு சொன்னா அதுதான் நிக்கும்.”

அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் அனுப்பாமல் வைத்தார். அந்த வரியில் பொய் என்று சொல்ல எதுவும் இல்லை என்பதுதான் அதன் ஆபத்து. கெடா சோர்ந்து கிடந்தது உண்மை. தின்றவர்கள் விழுந்தது உண்மை. இரண்டு உண்மைகளுக்கு நடுவில் ஒரு கோடு போட்டிருந்தார், அவ்வளவுதான். மலைப்பாதையின் வளைவுகளில் லாரியின் பின்னால் நின்றுகொண்டு வந்தால் நம்மில் பாதிப் பேரும் தலையைத் தொங்கப் போட்டுத்தான் இறங்குவோம் என்று எனக்குத் தோன்றியது. அதுவும் என் ஊகம்தான், அதனால் சொல்லவில்லை.

யாரோ பிளாஸ்கிலிருந்து காகிதக் கோப்பையில் டீ ஊற்றிக் கொடுத்தார்கள். புகை புகையாக ஆவி வந்தது. ஊதி ஊதி வாயில் வைத்தால் டீ ஆறிப்போயிருந்தது. குளிரில் அதைக் கவனிக்கிற நிலையில் நான் இல்லை. குடித்துவிட்டு உள்ளே போனேன்.

மருத்துவ அலுவலர் சின்ன வயது, அந்த நிலையத்தில் தனி ஆள். “யாருக்கு உண்மையிலேயே நோய், யாருக்குப் பயம்னு பிரிக்க முடியல மேடம்” என்றார். பயந்தவர்களை அவர் திட்டவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. பயமும் வயிற்றைக் கலக்கும். அவர்கள் நடிக்கவில்லை.

இந்த இடத்தில் நாம் வழக்கமாகச் செய்வது நோயாளிகளிடம் மேலும் மேலும் கேட்பது. என்ன தின்றாய், எவ்வளவு தின்றாய், எத்தனை தடவை போனாய். அவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: கறிச்சோறு. அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. நல்லா இருக்கிறவர்களைத் தேடிப் போங்கள். அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள், நாம்தான் போக வேண்டும்.

எனக்கு அதிகம் நடக்க வேண்டியிருக்கவில்லை. நல்லா இருந்த முதல் ஆள் அங்கேயே, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றிருந்தார். ஈஸ்வரி. வீட்டில் எல்லோரும் விழுந்திருக்க இவர் மட்டும் கணவருக்கு உப்புக்கரைசல் கலக்கிக்கொண்டிருந்தார். அதை மற்றவர்களும் கவனித்திருந்தார்கள். வரிசையில் நின்ற ஒரு பெண், காதில் விழட்டும் என்றே பேசினார்.

“அவளுக்கு மட்டும் ஒண்ணும் ஆகல பாத்தியா? அண்ணங்காரன் வெவரம் சொல்லி வச்சிருப்பான்.”

ஈஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை. கரண்டி மட்டும் ஒரு கணம் நின்று மறுபடி சுற்றியது.

அவரைத் தனியே கூட்டிப்போய்க் கேட்டேன். “நீங்க கறி சாப்டலையா?”

“மத்தியானம் சாப்ட்டேன்மா, பந்தி முடிஞ்சப்புறம். நல்லாத்தான் இருந்துச்சு.”

“சாயங்காலம்?”

“சாயங்காலம் அண்ணன் ஆளுகளுக்குப் போட்டு, அவுகளோட வீட்டாளுகளும் உக்காந்தாக. பரிமாறி முடிக்கையில அண்டா காலி. எனக்கு ரசந்தான் மிச்சம்.”

“பிள்ளைங்க?”

“காது வலில அழுதுட்டு வெள்ளனே தூங்கிருச்சுக. ரெண்டும் நல்லாருக்குக.”

நானும் டாக்டரும் வரிசைக்குத் திரும்பி வந்து எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டோம்: மத்தியானம் மட்டும் சாப்பிட்டீர்களா, சாயங்காலமும் சாப்பிட்டீர்களா? வரிசை எங்கள் கண் முன்னால் இரண்டாகப் பிரிந்தது. மெத்தையில் கிடந்தவர்கள் எல்லோரும் சாயங்காலப் பந்தி. மத்தியானத்தோடு வீட்டுக்குப் போனவர்களுக்குப் பயத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதே கெடாக்கள், அதே குழம்பு. கெடாவில் நோய் என்றால் மத்தியானம் சாப்பிட்ட ஊரும் விழுந்திருக்க வேண்டும்.

ஒரு கேள்வி பாக்கி இருந்தது. சாயங்காலப் பந்தியில் முதலில் உட்கார்ந்தவர்கள் தங்கராசுவின் ஆட்கள். ஈஸ்வரியிடம் கேட்டேன். “அண்ணன் வீட்ல எப்படி இருக்காங்க?”

“தெரியாதும்மா. போன் பண்ணல.”

“ஏன்?”

“என்னன்னு பண்ணுவேன்? இங்க பேசுற பேச்சுக்கு, நான் போனை எடுத்தாலே தப்பா நெனைப்பாக. அவுகளும் பண்ணல.”

எண்ணை வாங்கி நானே கூப்பிட்டேன். நான் யார் என்று சொன்னேன். பதில் சொன்ன குரல் மெலிந்திருந்தது. தங்கராசு ஒட்டன்சத்திரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வேனில் வந்தவர்களில் பெரும்பாலோர் அதே நிலையில் இருந்தார்கள்.

“ஏன் யாருக்கும் சொல்லல?”

“சொல்லி என்னங்க ஆகப்போவுது? தங்கச்சி வாழுற வீடு. லேட்டா வந்தோம், எலையில மிச்சத்தப் போட்டாக. ஆறுன கறி. தாய்மாமனுக்கு இம்புட்டுத்தான் மரியாதைன்னு நெனைச்சுக்கிட்டு வந்துட்டோம். அதைப் போயி வெளிய சொல்ல முடியுங்களா?”

மலைக்கு மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம். இரண்டும் ஒரே வலியில் கிடந்தன. மேலே இருப்பவர்கள் அவன் நோய்க் கெடாவைக் கொடுத்தான் என்றார்கள். கீழே இருப்பவர்கள் மிச்சத்தைப் போட்டு அவமானப்படுத்தினார்கள் என்றார்கள். நடுவில் உப்புக்கரைசல் கலக்கிக்கொண்டு ஒரு பெண்.

போனை வைத்துவிட்டு, அண்ணன் சொன்னதை ஈஸ்வரியிடம் சொன்னேன். “மிச்சம் இல்லம்மா” என்றார். “பந்திக்கு முன்னாடியே தனி அண்டாவுல எடுத்து வச்சது. ஈரல், நல்லி எல்லாம் பாத்துப் பாத்து எடுத்து வச்சேன். மூடி போட்டு, சாக்கைச் சுத்தி, மேல கம்பளியப் போத்தி வச்சேன். குளுருல வாரவுகளுக்கு ஆறிப்போகக் கூடாதுன்னு.”

பிறகு, “அதுலதான் தப்பாகிப்போச்சா?” என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கறியில் இருக்கும் சில கிருமிகள் கொதியில் சாகாமல் விதைபோல உறங்கும். குழம்பு நல்ல சூட்டிலேயே இருந்தால் அவை எழாது. சீக்கிரம் ஆறிவிட்டாலும் பெரிதாகப் பெருகாது. காய்ச்சல் கண்ட உடம்பின் சூட்டுக்குச் சற்று மேலே, அந்த வெதுவெதுப்பில், பல மணி நேரம் வைத்தால் பெருகித் தள்ளிவிடும். பெரிய அண்டாவைக் கம்பளியால் போர்த்தினால் கிடைப்பது அந்த வெதுவெதுப்புதான். திறந்து வைத்திருந்தால் அந்தக் குளிரில் வெதுவெதுப்பு அவ்வளவு நேரம் தாங்கியிருக்காது. அன்பால்தான் குழம்பு அந்தச் சூட்டில் இருந்தது.

“உறுதியாத் தெரிய ஒரு வாரம் ஆகும்” என்றேன். “ஆனா அதுவாத்தான் இருக்கும்னு நெனைக்கிறேன்.”

ஈஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்ப எம்பேரச் சொல்லிருங்க. அண்ணன் பேரு கெடக் கூடாது.”

அவர் அதைச் சொன்ன விதத்தில் தியாகம் எதுவும் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்துச் சொன்னார். ஆனால் அந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. மாமியார் கொடைக்கானலில் கிடக்கிறார். அவருக்கு ஏதாவது ஆகி, ‘மருமகள் போர்த்தி வைத்ததால்’ என்ற வார்த்தை ஊரில் இருந்தால், அது அந்தப் பெண்ணின் ஆயுள் முழுவதும் கூடவே வரும். மறைப்பதும் சரியில்லை. மறைத்தால் அடுத்த காதுகுத்திலும் அண்டாவுக்குக் கம்பளி போர்த்துவார்கள். உண்மை முழுவதும் வெளியே வர வேண்டும், ஒருவர் தலையில் மட்டும் விழக் கூடாது. இதற்கு ஆய்வகத்தில் முறை கிடையாது.

வீட்டுக்குப் போனோம். பரமசிவமும் ஜீப்பை நிறுத்தி வைத்துவிட்டு வந்தார், முனகிக்கொண்டே. கூடவே பாதி ஊர். அண்டா கழுவாமல் முற்றத்தில் கிடந்தது. கழுவ யாருக்கும் தெம்பு இல்லை. அடியில் ஒட்டியிருந்த குழம்பை எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் சாக்குகள், அவற்றின் மேல் குழம்புக் கறையோடு பழுப்புக் கம்பளி ஒன்று.

“சாயங்காலம் ஏன் மறுபடி சூடு பண்ணல?” என்று பொதுவாகக் கேட்டேன்.

“எதுக்குச் சூடு பண்ணணும்?” என்றார் பரமசிவம். “மூடியத் தொறந்தப்ப நாந்தான் பக்கத்துல நின்னேன். ஆவி பறந்துச்சும்மா. இந்தா, மூஞ்சியில அடிச்சுச்சு.”

அப்போதுதான் எனக்குக் காகிதக் கோப்பை நினைவுக்கு வந்தது.

அடுப்பில் கொஞ்சம் வெந்நீர் வைக்கச் சொன்னேன். கை பொறுக்கிற அளவு வந்ததும் இறக்கி, முற்றத்துக் குளிரில் ஒரு போசிப் பாத்திரத்தில் ஊற்றினேன். வெள்ளை வெள்ளையாக ஆவி எழுந்தது. கூட்டம் ஓரடி பின்னால் போனது.

“கைய விடுங்க” என்றேன் பரமசிவத்திடம்.

“வெந்துரும்.”

“வேகாது. விடுங்க.”

விரல் நுனியை வைத்தார். பிறகு உள்ளங்கையை. பிறகு எடுக்கவே இல்லை. அந்தக் குளிரில் அது சுகமாகவே இருந்திருக்கும். கூட்டத்தில் ஒருவர், “என்ன பெரியவரே, குளிக்கப் போறீகளா?” என்றார். யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை.

“கீழ ஒட்டன்சத்திரத்துல இப்படி ஆவி வந்தா அது கொதிக்கிற சூடு” என்றேன். “இங்க வெதுவெதுப்புக்கே வரும். உங்க கண்ணு தப்பில்ல, இந்த ஊர்க் குளுரு அப்படி. கெடா மேல எனக்குச் சந்தேகம் இல்ல. மத்தியானம் சாப்ட்ட யாருக்கும் ஒண்ணும் ஆகல. கீழ தங்கராசு வீட்டு ஆளுங்களும் இதே மாதிரி ஆஸ்பத்திரியில கெடக்காங்க. இப்பத்தான் பேசினேன். குழம்பு வெதுவெதுப்பிலேயே ரொம்ப நேரம் இருந்திருக்கு. கிருமி அதுல பெருகியிருக்கும்னு நெனைக்கிறேன். உறுதியா ஒரு வாரத்துல சொல்றேன்.” பிறகு கேட்டேன்: “விசேஷத்துல அண்டாவுக்குப் போர்வை போத்தாத வீடு இந்த ஊர்ல எது?”

ஆஸ்பத்திரி வரிசையில் ஈஸ்வரியைக் குத்திப் பேசிய பெண்தான் முதலில் வாய் திறந்தார். “எல்லாரும் போத்தத்தான செய்றோம். எங்க வீட்ல மெத்தையே போட்டோம்.”

பரமசிவம் இன்னும் கையைத் தண்ணீரில்தான் வைத்திருந்தார். ஈஸ்வரி வாசற்படியில் நின்றபடி வாயைத் திறந்தார். நான் போர்த்தினேன் என்று சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

“அந்தக் கம்பளி என்னோடது” என்றார் பரமசிவம்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“சாக்கு மட்டும் பத்தாதுன்னு நாந்தான் மேல கெடந்ததக் கழட்டிக் குடுத்தேன். தங்கராசு மாப்ள சனம் குளுருல வரும், நல்லாப் போத்தி வையாத்தான்னு சொன்னேன்.” ஈஸ்வரியைப் பார்த்து, “என்னத்தா, சொன்னேன்ல?” என்றார்.

“சொன்னீக மாமா.”

காலையிலிருந்து அவர் அதை மறைத்தார் என்று நான் நினைக்கவில்லை. தன் மேல் கிடந்த கம்பளியைக் கழற்றிக் கொடுத்தது குற்றத்தில் சேரும் என்று யாருக்குத்தான் தோன்றும்? ஜீப்பைப் போகச் சொல்லிவிட்டார். போனை வாங்கிக்கொண்டு முற்றத்து ஓரம் போனார். அவர் தாழ்ந்த குரலில் பேசிப் பழகாதவர். எல்லாம் கேட்டது.

“மாப்ள, எப்படி இருக்கீக?… இங்கயும் அதே கததான்… ஆத்தா கொடைக்கானல்ல இருக்கு… மிச்சமில்ல மாப்ள, உங்களுக்குன்னு எடுத்து வச்சது. ஏங்கம்பளியத்தான் போத்தி வச்சோம்… ஆவி பறந்துச்சுல்ல?”

எதிர்ப்பக்கம் தங்கராசு என்ன சொன்னார் என்று பிறகு ஈஸ்வரி சொன்னார். “பறந்துச்சு மச்சான். வாயில வச்சாச் சூடில்ல. சொன்னாக் கோவிச்சுக்குவீகன்னு சொல்லல.”

இந்த வரியை நீங்கள் எடுத்துக்கொண்டு போகலாம். குழம்பு சூடாக இல்லை என்பது சாப்பிட்ட அத்தனை பேருக்கும் வாயில் வைத்ததுமே தெரிந்திருக்கிறது. விருந்தில் அதைச் சொல்ல முடியாது. நாம் போய்க் கேட்டால்தான் சொல்வார்கள், அதுவும் யாரையும் குற்றம் சொல்வதாக ஆகிவிடாது என்று தெரிந்தால்தான்.

மாமியாருக்கு மறுநாள் சிறுநீர் பிரிந்தது. மெல்லத் தேறினார். சுகாதார ஆய்வாளர் தன் பழைய வரியைக் கிழித்துவிட்டு, ‘காரணம் ஆய்வில் உள்ளது, இறைச்சியில் நோய் இருந்ததற்கு அடையாளம் இல்லை’ என்று அனுப்பினார். நிருபருக்கு அதில் சுவாரசியம் இல்லை.

ஒரு வாரம் கழித்து அறிக்கை வந்தது. அண்டாவின் அடியிலும், மலைக்கு மேலேயும் கீழேயும் எடுத்த நோயாளிகளின் மாதிரிகளிலும் நினைத்த கிருமியே இருந்தது. அதற்குள் அது யாருக்கும் தேவைப்படவில்லை. இருந்தாலும் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்ததால் ஈஸ்வரியைக் கூப்பிட்டேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இனித் தாமதமாக வருகிறவர்களுக்குக் கறியைப் பச்சையாகவே வைத்து, வந்ததும் சமைப்பது என்று ஊரில் பேசியிருக்கிறார்களாம். முடியாவிட்டால், குமிழி விட மறுபடி கொதிக்க வைப்பது.

“கம்பளி என்ன ஆச்சு?” என்று கேட்டேன்.

“ரெண்டு தடவ தொவச்சுப் போட்டேன்மா, கறி வாசம் போக மாட்டேங்குது. மாமா அதத்தான் போத்திக்கிட்டுத் திரியுறாக. தோட்டத்துக்குப் போனா ஊர் நாயெல்லாம் பின்னாடியே போவுது.”

“வேற வாங்கிக்கச் சொல்லுங்க.”

“சொன்னேன். அண்ணன் கீழேருந்து புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்துவிட்டிருக்கு. அத மடிச்சு பீரோவுல வச்சுட்டாக. அடுத்த விசேஷத்துக்குத்தான் எடுப்பாகளாம்.”

“எதுக்கு?” என்றேன், கொஞ்சம் பயத்தோடு.

ஈஸ்வரி சிரிப்பது போனில் கேட்டது. “போத்திக்கத்தாம்மா.”